அக்கா மகளுக்கு வியாழனைக் காட்ட எந்த டெலஸ்கோப்?

2025 டிசம்பரில் அக்கா போன் செய்தாள். "பாப்பா எட்டாவது வந்ததிலிருந்து வியாழன், வியாழன்னு உயிரை எடுக்கிறாடா. ஆன்லைன்ல ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், 675 மடங்கு பெருசாக் காட்டுமாம். ஆர்டர் போட்டுடட்டுமா?"

போட்டுவிடாதே என்று சொல்ல ஒரு நொடிதான் ஆனது. ஏன் என்று விளக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த விளக்கத்தையும், பிறகு மதுரையில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் செய்து பார்த்த சோதனையையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வியை என்னிடம் இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் அந்த 675. டெலஸ்கோப் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. குழாயின் குவியத்தூரத்தை (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) ஐபீஸின், அதாவது நாம் கண்ணை வைக்கும் சின்ன லென்ஸின், குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 900 மி.மீ. குழாயில் 4 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 225 மடங்கு. பெட்டியோடு ஓசியில் வரும் 3 மடங்கு பார்லோ லென்ஸை (பெருக்கத்தைக் கூட்டித் தரும் துணை லென்ஸ்) நடுவில் செருகினால் 675. கணக்கில் பொய் இல்லை. ஆனால் முன்னால் இருக்கும் லென்ஸின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நுணுக்கம்தான் உள்ளே வரும். ஒரு மி.மீ. விட்டத்துக்கு 2 மடங்கு என்பது பொதுவான உச்சவரம்பு. 60 மி.மீ. லென்ஸ் என்றால் 120. அதற்கு மேல் போனால் பெரிதாகத் தெரியும், ஆனால் மங்கலாகத் தெரியும். பாஸ்போர்ட் போட்டோவை பிளக்ஸ் பேனராக அடித்த மாதிரி.

இதில் நானே ஏமாந்தவன். முதல் சம்பளத்தில் ஒரு கடையில் 525 மடங்கு என்று போட்டிருந்ததை வாங்கி வந்தேன். 60 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குழாய், ஈர்க்குச்சி மாதிரி மூன்று கால். முதல் நாளே பெரிய எண்ணைப் போட்டுத்தானே வியாழனைப் பார்ப்போம்? சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நடுங்கியபடி வந்தது, மூச்சு விட்டால் ஓடிப்போனது. பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து இறக்கி, கூடவே வந்திருந்த 20 மி.மீ. ஐபீஸைப் போட்டேன். 35 மடங்குதான். வட்டமாக, கூராக ஒரு சின்னத் தட்டு. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நாலு புள்ளி, வியாழனின் நிலவுகள். அதே குழாய், அதே லென்ஸ். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த எண்ணை நம்பியதில் போனது இரண்டு வருடம்.

1610 ஜனவரி 7-ஆம் தேதி பதுவாவில் கலிலியோ வியாழனைப் பார்த்தபோது அவர் கையில் இருந்தது ஏறக்குறைய 20 மடங்கு கருவிதான். முதல் நாள் மூன்று புள்ளிகள் தெரிந்தன. ஒரு வாரத்துக்குள் நாலாவதும் கிடைத்தது. ஆகவே நிலவுகள் மட்டும் போதும் என்றால் எந்த டெலஸ்கோப் வாங்கினாலும் காரியம் நடக்கும். கேள்வி அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

பாப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பட்டியலோடு தயாராக இருந்தாள். வியாழனின் நாலு பெரிய நிலவு (அயோ, யூரோப்பா, கானிமீடு, காலிஸ்டோ), பெல்ட் (வியாழனின் குறுக்கே ஓடும் கறுத்த பட்டைகள்), சிவப்புப் புள்ளி (அதன் மேல் சுழலும் பெரும் புயல்), அப்புறம் நிலவின் நிழல் வியாழன் மேல் விழுவது. இதில் பெல்ட்டுகள் இரண்டும் 60, 70 மி.மீ. குழாயிலேயே தெரியும். நிலவின் நிழல் வேறு கதை. வியாழன் பூமிக்கு அருகே வரும்போது அதன் தட்டு 45 விகலை அகலம் இருக்கும் (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). அதன் மேல் அயோவின் நிழல் ஒரு விகலை சொச்சம், பேனா முனையால் வைத்த மைப்புள்ளி மாதிரி. 70 மி.மீ. லென்ஸ் பிரித்துக் காட்டும் எல்லையே 1.7 விகலைதான். 90 மி.மீ.க்கு 1.3; 130 மி.மீ.க்கு 0.9. வெளிச்சத் தட்டின் மேல் கறுப்புப் புள்ளி என்பதால் எல்லைக்குச் சற்றுக் கீழேயும் சமாளிக்கலாம். ஆனாலும் நிழலைத் தேடாமல் பார்க்க வேண்டும் என்றால் 100 மி.மீ.க்கு மேலே போவது நல்லது. சிவப்புப் புள்ளியும் அப்படித்தான். அது படத்தில் இருப்பது போலச் சிவப்பாக இருக்காது, வெளிறிய ஆரஞ்சு. தவிர வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் என்பதால் பாதி நேரம் புள்ளி அந்தப் பக்கம் இருக்கும்.

இதைச் சொன்னதுமே அக்கா வீட்டாரின் இரண்டு யோசனைகள் அடிபட்டுப் போயின. ஒன்று பைனாகுலர். 10x50 பைனாகுலரைச் சுவரில் முட்டுக் கொடுத்துப் பிடித்தால் கானிமீடும் காலிஸ்டோவும் சுலபமாகத் தெரியும். யூரோப்பாவுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அயோ பெரும்பாலும் வியாழனின் கண்கூசும் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும். வீட்டில் ஏற்கனவே இருந்தால் இன்று இரவே பாருங்கள், ஆனால் வியாழனுக்கென்று வாங்க வேண்டாம். இன்னொன்று, அத்தான் ஆசைப்பட்ட ஸ்மார்ட் டெலஸ்கோப். போனிலேயே நெபுலா படம் எல்லாம் வரும், உண்மைதான். ஆனால் அந்த வகையில் சின்னவற்றின் குவியத்தூரம் 250 மி.மீ. அளவில்தான். கணக்குப் போட்டால் வியாழன் சென்சாரில் இருபது பிக்சல் அகலம்கூட முழுதாகத் தேறாது. கோளுக்கு அது ஆகாது. அதோடு, ஐபீஸில் கண்ணை வைத்து நேராகப் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றா?

அடுத்து, கடைகளில் நிறைய விற்கும் ஒரு வகையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முன் லென்ஸுக்குப் பதில் ஒளியைத் திருப்பிக் குவிக்கும் 114 அல்லது 127 மி.மீ. கண்ணாடி, குவியத்தூரம் 1000 மி.மீ. என்று போட்டிருக்கும், குழாயை அளந்தால் அரை மீட்டர்தான் இருக்கும். மீதித் தூரத்தை உள்ளே ஒளித்து வைத்த ஒரு லென்ஸ் ஈடு கட்டுகிறது. அந்த லென்ஸ் மலிவு ரகமாக இருந்தால் படம் ஒருநாளும் கூர்மையாக வராது, கண்ணாடிகளைச் சீரமைப்பதும் தலைவலி. இவை பெரும்பாலும் ஈக்குவடோரியல் ஸ்டாண்டோடு வரும். அந்த ஸ்டாண்ட் எதற்கு? அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்துவிட்டால், ஒரே ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே கோளைப் பின்தொடரலாம். ஐரோப்பாவில் அந்த அச்சு ஐம்பது டிகிரி சாய்வில் நிற்கும். மதுரையில் வெறும் 10 டிகிரி. கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கும் அச்சு. குழாய்க்கு ஈடாக எடை மாட்டிய கம்பி போய் முக்காலியின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். நம் ஊருக்கு, அதிலும் ஒரு சிறுமிக்கு, இது வேண்டாத வேலை.

ஆக மூன்று மிச்சம்: 70 மி.மீ. லென்ஸும் 700 மி.மீ. குழாயும் உள்ள டெலஸ்கோப், 90 மி.மீ. மாக்சுடோவ் (லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த, மூடிய குட்டைக் குழாய்), மேஜை மேல் வைக்கும் 130 மி.மீ. டாப்ஸோனியன் (கையால் தள்ளித் திருப்பும் அடிப்பெட்டியில் உட்கார்ந்த கண்ணாடி டெலஸ்கோப்). முதல் இரண்டும் நண்பர் ஒருவரிடம் இருந்தன. மூன்றாவது என்னுடையது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மூன்றையும் அக்கா வீட்டு மாடிக்கு ஏற்றினோம். வியாழன் அப்போதுதான் சூரியனுக்கு நேர் எதிரே, எதிர்நிலைக்கு, வந்திருந்தது (2026 ஜனவரி 10), புனர்பூசத்துக்குப் பக்கத்தில் தகதகவென்று நின்றது.

மாடி ஏறும்போதே தேர்வு தொடங்கிவிடுகிறது. அது இரண்டாம் மாடி வீடு; மேலே போக இரும்புச் சுழல் படி. 70 மி.மீ. டெலஸ்கோப் எடை குறைவு, ஆனால் கைகால் நீண்டது. ஸ்டாண்ட் படியில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது. மாக்சுடோவ் ஒரு பெரிய கேமரா லென்ஸ் மாதிரி, குழாய் ஒன்றரைக் கிலோதான் இருக்கும். அத்தான் அதைக் கையில் வாங்கியதுமே முடிவு செய்துவிட்டார், "இதுதான் மாப்ளே." டாப்ஸோனியனை நான் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஆறேழு கிலோ.

ஏழு மணிக்குப் பார்த்தபோது மூன்றிலுமே வியாழன் கொதித்துக்கொண்டிருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி அதைத் திருப்பிக் கக்கும். அந்த அனல் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். கருவியின் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்பது மணி வரை பொறுக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலே பார்க்காமல் இடம் மாறி நிற்பதும் முக்கியம். மாக்சுடோவுக்கு இந்தக் காத்திருப்பு கூடுதலாகவே வேண்டும்: மூடிய குழாய், முன்னால் தடித்த கண்ணாடி, உள்ளே இருக்கும் காற்று மெதுவாகத்தான் ஆறும். இரவு உணவை முடித்துவிட்டு மறுபடி மேலே போனோம்.

70 மி.மீ.யில் 10 மி.மீ. ஐபீஸ், 70 மடங்கு. பாப்பா பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "இவ்ளோ குட்டியா?" எல்லோரும் சொல்வது இதுதான். ஆனால் 40 மடங்கிலேயே வியாழன் நாம் வெறுங்கண்ணால் பார்க்கும் முழு நிலவின் அகலத்துக்கு வந்துவிடும். 70-இல் அதைவிடப் பெரிது. சுற்றிலும் இருட்டு, ஒப்பிட ஒன்றும் இல்லாததால் மனது சிறிது என்று நினைத்துக்கொள்கிறது. அஞ்சு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகும். பழகியது. இரண்டு பெல்ட்டையும் அவளே கண்டுபிடித்தாள். படம் சுத்தமாக, முறுக்காக இருந்தது. இந்த வகையில் சீர்செய்ய எதுவுமே இல்லை. எடுத்தோமா பார்த்தோமா என்று இருக்கலாம். ஆனால் அடுத்து வந்தது புகார். "மாமா, ஆடுது." ஃபோகஸ் திருகைத் தொட்டால் மூன்று நொடிக்கு வியாழன் கரகாட்டம் ஆடியது. அதோடு பத்து மணிக்கு மேல் வியாழன் ஏறக்குறைய தலைக்கு மேல் வந்துவிட்டது. நம் ஊரில் அது 78 டிகிரி உயரம் வரை போகும். குழாயின் அடிப்பகுதி முக்காலியின் காலில் முட்டி நின்றுவிட்டது.

இதே 70 மி.மீ.யில் 400 மி.மீ. குட்டைக் குழாய் ஒன்றும் பயணத்துக்கென்று விற்பார்கள். வியாழனைச் சுற்றி ஊதா நிற ஒளிவட்டம் கட்டும், வேண்டாம்.

மாக்சுடோவ் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. குவியத்தூரம் 1250 மி.மீ.; கூடவே வரும் 25 மி.மீ. ஐபீஸிலேயே 50 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 125. பார்லோ எதுவும் தேவையில்லை. பெல்ட்டின் ஓரம் நேர்கோடாக இல்லை, மேடு பள்ளமாக இருக்கிறது என்பது இதில்தான் முதலில் தெரிந்தது. நிலவுகள் ஊசி முனைப் புள்ளிகளாக இருந்தன. குறை இரண்டு. 125 மடங்கில் வியாழன் பார்வைப் பரப்பை ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலே கடந்து போய்விடும். நண்பருடையது கேமரா ஸ்டாண்டில் மாட்டியது என்பதால் அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் பாப்பாவுக்கு அலுத்துவிட்டது. மோட்டார் வைத்த ஸ்டாண்ட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் டெலஸ்கோப் விலையை இன்னொரு முறை கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, பனி. பதினொரு மணிக்கு முன் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்துவிட்டது. கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி முன்னால் குழல் மாதிரி மாட்டினால் அரை மணி, முக்கால் மணி தாங்கும்.

அப்புறம் 130. மேஜை மேல் வைப்பது என்று பெயர், ஆனால் எந்த மேஜை? பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்தால் 70 மி.மீ.யை விட மோசமாக ஆடும். தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுத் திண்டில் வைத்தோம். பாறை மாதிரி நின்றது. இந்தத் திண்டு இல்லாத வீட்டில் நாலு செங்கல்லை அடுக்கி மேலே ஒரு கடப்பா கல்லைப் போட்டாலும் போதும். 650 மி.மீ. குவியத்தூரம் என்பதால் 10 மி.மீ. ஐபீஸில் 65 மடங்குதான். 2 மடங்கு பார்லோவோடு 130. ஒளி 90 மி.மீ.யை விட இரண்டு மடங்கு உள்ளே வருகிறது, அது உடனே தெரிந்தது: பெல்ட்டுகளுக்குச் சாம்பல் இல்லை, பழுப்பு நிறம். கானிமீடு மற்ற மூன்றையும் விடப் பெரியது என்பதைப் பாப்பா தானாகச் சொன்னாள், நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

இதன் வில்லங்கம் கொலிமேஷன். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். ஆட்டோவில் ஒரு முறை குலுங்கினால் கலைந்துவிடும், இந்த மாதிரிக் குட்டைக் குழாயில் கொஞ்சம் கலைந்தாலும் வியாழனின் ஓரம் வால் முளைத்த மாதிரி இழுபடும். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஃபோகஸ் தப்ப வைத்துப் பார்த்தால் உளுந்து வடை மாதிரித் தெரியும். ஓட்டை நடுவில் இருந்தால் சரி, ஒதுங்கி இருந்தால் பின்னால் இருக்கும் திருகுகளை மெல்லத் திருப்ப வேண்டும். முதல் முறை எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது, இப்போது இரண்டு நிமிடம். அன்று பாப்பாவிடம் விட்டேன். திருகைப் பிடித்துக்கொண்டு "வடை நேராயிடுச்சு" என்று கத்தினாள். குழாயைக் கையாலேயே மெல்லத் தள்ளி வியாழனைப் பின்தொடர்வதும் அவளுக்கு மாக்சுடோவை விடச் சுலபமாக வந்தது. உச்சி வானத்தில் மட்டும் டாப்ஸோனியனும் திணறும். அதற்கு வழி, வியாழன் ஐம்பது அறுபது டிகிரியில் இருக்கும்போதே பார்த்து முடிப்பது.

அத்தான் கடைசி வரை மாக்சுடோவுக்கே வாக்களித்தார். மாடி இல்லாமல் பால்கனி மட்டும் இருக்கும் வீடாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கையில் பணம் மட்டு என்றால் 70 மி.மீ., 700 அல்லது 900 மி.மீ. குழாய், ஸ்டாண்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்து வாங்கலாம், ஐபீஸ் 1.25 அங்குலமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், 0.965 அங்குலம் என்றால் பிறகு நல்ல ஐபீஸ் எதுவும் மாட்ட முடியாது. தரைத்தளத்தில் முற்றமோ தோட்டமோ உள்ள வீட்டுக்காரர் என்னிடம் கேட்டால், இந்த மூன்றையும் விட்டுவிட்டு 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. நீளம் உள்ள தரை டாப்ஸோனியனைக் காட்டுவேன். நீளக் குழாய் என்பதால் கொலிமேஷன் அவ்வளவு படுத்தாது, வியாழனுக்கென்றே செய்தது போல இருக்கும். பதினைந்து கிலோவுக்கு மேல் என்பதால் சுழல் படிக்கு ஆகாது, அவ்வளவுதான். எதை வாங்கினாலும், பெட்டியில் ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் இருந்தால் அன்றே குப்பையில் போடுங்கள். வெயிலில் அது வெடித்தால் கண் போய்விடும்.

இவ்வளவு செலவு செய்யத் தயக்கமாக இருப்பவர்கள், முடிந்தால் முதலில் காவலூருக்கு ஒரு நடை போய் வரலாம். ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதுண்டு, நாளையும் நேரத்தையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1972-இல் கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துத்தான், அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்றார்கள். பாப்பா பட்டியல் போட்ட நாலு நிலவில் ஒன்றுக்கு நம் மலையோடு இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமை.

130 மி.மீ. டாப்ஸோனியனையே வாங்கினோம். மிச்சப் பணத்தில் பார்லோவுக்குப் பதிலாக 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று, 108 மடங்கு, வியாழனுக்குச் சரியான அளவு. ஐபீஸ்களை எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். தெருவிளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் நுழையாமல் இருக்கத் திறந்த குழாயைச் சுற்றிக் கறுப்பு சார்ட் பேப்பர்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் நான் போயிருந்தபோது பாப்பா நோட்டும் கையுமாக மாடியில் இருந்தாள். இந்த டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பதால் போன் ஆப்பில் இருக்கும் படத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிலவுகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றுதான் இருந்தன. அயோ வியாழனின் நிழலுக்குள் இருந்தது. எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று உலக நேரத்தில் போட்டிருந்ததோடு ஐந்தரை மணி கூட்டி, எழுதி வைத்திருந்தாள். எதிர்நிலை முடிந்த பிறகு வரும் வாரங்களில் அந்த நிழல் கிழக்கே சாய்ந்து கிடக்கும். ஆகவே அயோ வியாழனின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்காது, சற்றுத் தள்ளி வெறும் இருட்டில் முளைக்கும்.

அவள் கண்ணை எடுக்கவே இல்லை. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன நிமிடம் தாண்டியது.

"இல்ல மாமா... இரு இரு. ஏதோ இருக்கு. மாமா, லைட்டை டிம்மர்ல வச்சுத் திருகுற மாதிரி வருது!"

இந்த அயோவின் மறைவு நேரங்களில் இருந்த முன்பின்னை வைத்துத்தான் 1676-இல் டென்மார்க் வானியலாளர் ரோமர், ஒளி வந்து சேர நேரம் எடுத்துக்கொள்கிறது என்று சொன்னார். அதை அவளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அவள் கேட்கும் நிலையில் இல்லை. 2027 பிப்ரவரியில் வியாழன் மகத்துக்கு மேற்கே வந்து மறுபடி எதிர்நிலையில் நிற்கும். அந்தப் பருவத்தில் நிலவுகளின் பாதை பூமியிலிருந்து பார்க்கக் கிட்டத்தட்ட விளிம்பாகத் தெரிவதால், ஒரு நிலவு இன்னொன்றை மறைப்பதும் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழுவதும் நடக்கும்; ஆறு வருடத்துக்கு ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. அதற்கான நோட்டை அவள் இப்போதே கோடு போட்டு வைத்திருக்கிறாள்.